இரண்டாவது நாமம்

எங்கள் தீவில் பெண்ணாகப் பிறந்தவள் கிழிந்த வலை பொத்தப் பழகுகிறாளோ இல்லையோ, ஞானஸ்நானம் கொடுக்கப் பழகியே ஆகவேண்டும். எழுவைதீவுக்குப் படகை விட்டால் வேறு வழியில்லை. சுவாமியார் ஊர்காவற்றுறையிலிருந்து மாதத்தில் இரண்டு தரம் பூசைக்கு வருவார். கார்த்திகையில் வாடைக்காற்று இறுகிவிட்டால் அதுவும் நின்றுவிடும். பிறந்த பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினால் அது படகு வரும்வரை காத்திருக்குமா? அதனால் ஆபத்து வேளையில் வீட்டிலேயே தண்ணீர் ஊற்றலாம், பெண்களும் ஊற்றலாம் என்று திருச்சபை அனுமதித்திருந்தது. அதை ஊர்ப் பெண்களுக்குப் பழக்குகிற வேலை என்னிடம் இருந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகவில்லை, வாய் நீளம் என்று ஊரில் காரணம் சொல்லிக்கொண்டார்கள். காரணம் சரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் விறாந்தையில் பெண்களை இருத்தி, மட்டை உரித்த தேங்காய் ஒன்றை மடியில் வைத்து, குடுமிப் பக்கத்தை நெற்றியாகக் காட்டிப் பாடம் நடத்துவேன். பிதாவின் பெயரைச் சொல்லி ஒரு தரம், சுதனின் பெயரைச் சொல்லி ஒரு தரம், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி ஒரு தரம் ஊற்றவேண்டும். ஊற்றுகிற கையும் சொல்லுகிற வாயும் ஒருவருடையதாக இருக்கவேண்டும். ஒரு நாமம் தவறினாலும் அது ஞானஸ்நானம் அல்ல, வெறும் முழுக்கு. யாராவது தடுமாறினால், "சுதனை விட்டிட்டியே! இந்தத் தேங்காய்க்கு மோட்சம் இல்லை, கறிக்குத்தான் போகும்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த பயத்தையும் சொல்லவேண்டும். செத்தவர்களைப் புதைக்கிற எங்கள் சவக்காலை கடற்கரையோடு ஒட்டியது. சுற்றிவர முருகைக்கல் மதில். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மதிலுக்கு உள்ளே இடம். பெறாமல் போன பச்சைப் பிள்ளைகளை வெளியே, மதிலுக்கும் கடலுக்கும் இடையில் கிடந்த மணலில் புதைத்தார்கள். அந்த மணலை ஒவ்வொரு வாடைக்கும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்தது. சின்ன வயதில் ஒரு மாரி முடிந்து நண்டுக்குப் போனபோது, போன வருடம் இருந்த சின்ன மேடுகளில் இரண்டைக் காணவில்லை. அவற்றுக்கு என்ன நடந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நண்டுக்குப் போகவும் இல்லை.

சவக்காலைத் திறப்பு, அந்த மதில் கதவின் சாவி, கோயில் மூப்பரின் இடுப்பில் ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்கும். சுவாமியார் இல்லாத நாட்களில் செபம் சொல்வதும், மணி அடிப்பதும், யாருக்கு எங்கே குழி என்று தீர்மானிப்பதும் அவர்தான். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் எதிரே வந்தால் என் கண் முதலில் அந்தத் திறப்புக்குத்தான் போகும்.

தாய் தகப்பன் போனபிறகு எனக்கு இருந்தது அண்ணன் ஒருவர்தான். அவரும் அவருடைய மனைவியான என் மச்சாளும் நானும் ஒரே வளவில் இருந்தோம். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றுக்கு எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்கும். அப்போது ஆண்கள் முல்லைத்தீவுப் பக்கம் போய், கரையில் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். அந்த வருடம் அண்ணன் வாடியில் காய்ச்சலோடு மூன்று கிழமை விழுந்து கிடந்தார். எங்கள் ஆட்கள் கடலுக்குப் போய்விட, அடுத்த வாடிக்காரர் ஒருவர்தான் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கஞ்சியோடு வேதப் புத்தகத்தையும் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

புரட்டாதியில் அண்ணன் திரும்பி வந்தபோது அவருடைய பெட்டிக்குள், பத்திரிகைத் தாளில் சுற்றி, அந்தப் புத்தகம் இருந்தது. எங்கள் வீடுகளில் அப்போது செபப் புத்தகம் இருக்கும், வேதப் புத்தகம் இருக்காது. அது பதிதர் கையில் இருக்கிற பொருள் என்று நினைத்திருந்தோம். திருச்சபையை விட்டு விழுந்தவனைத்தான் பதிதன் என்போம். மச்சாள் அப்போது நிறைமாதம். அவர் புத்தகத்தைக் கண்டதும் சேலைத் தலைப்பால் மூடிவிட்டு என்னைப் பார்த்தார். மூடினால் போய்விடுமா?

அன்று பின்னேரம் குசினியில் வைத்து அண்ணன் தானாகவே சொன்னார்.

"தங்கச்சி, நான் இனிச் சிலுவை அடையாளம் போடமாட்டன். இயேசு கடவுளின்ரை மகன். அவர் உண்டாக்கினதுகளிலை முதலாவது அவர்தான். ஆனா அவரே கடவுள் எண்டு என்னாலை சொல்ல ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. "காய்ச்சல் மண்டைக்கு ஏறிப்போச்சோ? மகன் கடவுள் இல்லையெண்டால் பேந்து ஆர் எங்களை மீட்டது?"

"அண்டைக்குத் தோட்டத்திலை ரத்த வேர்வை வேர்த்து ஆரிட்டை மன்றாடினவர்? தன்னட்டைத் தானோ? தகப்பன் என்னிலும் பெரியவர் எண்டு அவரே சொல்லியிருக்கிறார். நான் சொல்லேல்லை."

"காயத்திலை விரல் வைக்கக் கேட்ட சீடன் பேந்து அவரை என்னெண்டு கூப்பிட்டவர்? கடவுளே எண்டுதானே! அப்ப அவர் திருத்தினவரோ? அப்பிடிச் சொல்லாதை எண்டு சொன்னவரோ?"

அண்ணன் அடுப்பு விறகை உள்ளே தள்ளினார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, "அதை நானும் யோசிக்கிறன்" என்றார். சண்டைக்கு வருகிறவரோடு நான் சண்டை பிடிப்பேன். யோசிக்கிறவரை என்ன செய்வது?

ஊருக்கு விஷயம் தெரிய ஒரு கிழமை போதுமாக இருந்தது. எங்கள் கரையில் வள்ளம் தள்ளினால், ஆட்களில் மூத்தவர் ஒரு கை கடல்தண்ணீரை அள்ளி வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் சிலுவை வரைந்து, பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று சொல்வார். மற்றவர்கள் ஆமென் சொல்லி நெற்றியில் தொட்ட பிறகுதான் வலையில் கை வைப்பார்கள். அண்ணன் தலை குனிந்து நிற்பார், ஆமென் சொல்லமாட்டார். முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கவனித்தார்கள். மூன்றாம் நாள் வலை கல்லில் மாட்டிக் கிழிந்தது. வலை கிழிவது புதினமா? போன மாதமும் கிழிந்ததுதான். ஆனால் நாலாம் நாள் அவர் கரைக்குப் போனபோது வள்ளம் முன்னமே போயிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் அப்பு விட்டுப்போன ஒரு சின்ன வள்ளத்தில் தனியாகப் போனார். ஊர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். கிணற்றடியில் மச்சாள் போனால் பேச்சு நிற்கும். அவர் தண்ணீர் அள்ளி முடியும்வரை எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு காலையில் எங்கள் வாசல் படலையில் கரியால் ஒரு சிலுவை கீறியிருந்தது. எங்களைக் காப்பாற்றவா, அடையாளம் வைக்கவா என்று தெரியவில்லை. அண்ணன் அதை அழிக்கவில்லை. மழை வந்து அழித்தது.

அண்ணனைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. முன்பு குடிப்பார், அதை விட்டுவிட்டார். முன்பு வாய்க்கு வந்த பொய் சொல்வார், அதையும் விட்டுவிட்டார். மீன் வாங்க வந்தவரிடம், "இது நேற்றையான்" என்று தானே சொல்லி, மச்சாளிடம் நல்ல ஏச்சு வாங்கினார். பதிதனானாலும் அவன் வாயில் பொய் வராது என்று ஊரே ஒத்துக்கொண்டது. அந்த ஒரு பெயர்தான் அவருக்கு மிச்சம்.

ஐப்பசியில் பிள்ளை பிறந்தது. பெண். நோஞ்சான், கையில் எடுத்தால் பாரமே தெரியாது. சுவாமியார் வந்த நாளில் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகலாம் என்று மச்சாள் கேட்டார். அண்ணன் மாட்டேன் என்றார். அவள் வளர்ந்து, விளங்கி, தானே தண்ணீரில் இறங்கட்டும் என்றார். "மூண்டு பேரையும் சரிசமமா வைச்சு என்ரை பிள்ளையின்ரை தலையிலை ஊத்த நான் விட ஏலாது. எனக்கு அது பொய்." சுவாமியார் வற்புறுத்தவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிப் படகேறிவிட்டார். அவருக்கென்ன, அவருக்குப் படகு இருந்தது.

அன்று பின்னேரம் மூப்பர் வந்தார். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"தம்பி, நீர் உம்மடை பாட்டுக்கு என்னத்தையும் நம்பும். நான் அதுக்கு வரேல்லை. மாரி தொடங்குது. பிள்ளையும் நல்லாயில்லை எண்டு கேள்விப்பட்டனான்." அவருடைய கை இடுப்புக் கயிற்றில் இருந்தது. "பேந்து வந்து என்னட்டை அழக்கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் மிரட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்குள் நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். அண்ணனோடு நாள்தோறும் தர்க்கித்தேன். அவருக்குப் பதில் சொல்வதற்காக அவருடைய புத்தகத்தையே களவாக எடுத்து வாசித்தேன். பதிலும் கிடைத்தது, கேள்வியும் கிடைத்தது. பிறகு செபமாலை சொல்லும்போது, சர்வேசுரனுடைய மாதாவே என்ற இடத்தில் நாக்கு ஒரு கணம் நின்று போகத் தொடங்கியது. சோற்றில் கல் கடிபடுவதைப் போல. துப்பிவிட்டு மேலே சொல்வேன். அடுத்த மணியில் திரும்பவும் கடிபடும். ஞாயிற்றுக்கிழமை விறாந்தையில் தேங்காயை மடியில் வைத்து அதே பாடத்தை நடத்தினேன். ஒரு சொல் பிசகவில்லை.

கார்த்திகை நடுவில் காற்று இறுகியது. மூன்று நாள் படகு இல்லை. முதல் நாளே பிள்ளைக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அண்ணன் சின்ன வள்ளத்தைத் தள்ளிப் பார்த்தார், அலை திருப்பி எறிந்தது. பெரிய வள்ளக்காரரிடம் போய்க் கேட்டார். இந்தக் கடலில் ஏலாது என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சொல்லும்போது ஒருவரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை என்று அண்ணன் பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் திரும்பவும் கரைக்குப் போனார். அவர் படலையைத் தாண்டியதும் மச்சாள் என் அறைக்கு ஓடிவந்தார்.

"மச்சாள், வாரும். பிள்ளை மூச்சு இழுக்குது. அவர் வாறதுக்கிடையிலை ஊத்திவிடும். நான் உம்மடை காலிலை விழுறன்."

நான் யோசிக்கவில்லை. கிளாசில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். மச்சாள் பாயில் இருந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடி, வாய்விட்டுச் செபம் சொல்லத் தொடங்கினார். காற்று கிடுகுக் கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்தது. நான் முழந்தாளில் நின்று பிள்ளையின் தொப்பியைக் கழற்றினேன். நெற்றி தேங்காயைவிடச் சின்னதாக இருந்தது. பிதாவின் பெயரைச் சொல்லி முதல் தண்ணீரை ஊற்றினேன்.

அப்போது தலை நிமிர்ந்தேன். வாசலில் அண்ணன் நின்றார். நனைந்து, சேட்டிலிருந்து தண்ணீர் வடிய நின்றார். கடல் அவரைத் திரும்பவும் திருப்பி அனுப்பியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. உள்ளே வந்து என் கையைத் தட்டிவிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

அடுத்த பெயர் சுதன். அந்தப் பெயரைத் தகப்பனுடைய பெயருக்குச் சமமாக வைக்கவேண்டும். அதற்குத்தான் இரண்டு மாதமாக நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் தின்றோம். என் வாய் திறந்தது. சுதன் கடவுள்தானா என்ற கேள்வி அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்குள் எழும்பியது. ஒரு கணம்தான். ஆனால் கை நிற்கவில்லை. இரண்டாம் தரம் ஊற்றினேன், மூன்றாம் தரமும் ஊற்றினேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மச்சாள் தன் செபத்தின் சத்தத்தில் ஒன்றையும் அறியாமல் ஆமென் என்றார்.

திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். கிளாசில் தண்ணீர் இருந்தது. அதைச் செய்திருக்கலாமே என்று எத்தனை வருடம் என்னை நானே கேட்டிருக்கிறேன். பிள்ளை அப்போதே கண்ணை மேலே சொருகிவிட்டது. மச்சாள் கத்தினார், அண்ணன் ஓடிவந்து வாங்கினார். அவருடைய கையில்தான் உயிர் போனது.

சாவு மணிச் சத்தம் கேட்காததால் எனக்கு அடுத்தது என்னவென்று விளங்கியது. மூப்பர் மணி அடிக்கவில்லை. நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தார், பின்னால் ஊரும் வந்தது. மழை விட்டிருந்தது. சவக்காலை மதிலுக்கு வெளியே அலை ஏறி அடிக்கிற சத்தம் முற்றம்வரை கேட்டது.

"ஊத்தினனியோ, பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம்."

"மூண்டு நாமமும் சொன்னனியோ?"

மச்சாள் என்னைப் பார்த்தார். அந்த முகத்துக்கு முன்னால் வேறென்ன சொல்ல முடியும்? "ஓம், சொன்னனான்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மூப்பருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. வாய் நீளமானவள் இரண்டு சொல்லோடு நிறுத்தினால் சந்தேகம் வராதா? அவர் அண்ணனிடம் திரும்பினார்.

"தம்பி, நீர் வாசலிலை நிண்டனீராம். உமக்கு இந்த மூண்டு நாமத்திலை நம்பிக்கை இல்லை, தெரியும். ஆனா நீர் பொய் சொல்லமாட்டீர், அதுவும் எனக்குத் தெரியும். நீர் சொன்னால் நான் திறக்கிறன். இவள் சொன்னவளோ?"

எல்லோரும் காத்திருந்தார்கள். ஆமென் என்ற ஒரு சொல்லுக்காகத் தொழிலை விட்டவர் அவர். பிள்ளைக்கு அந்த மூன்று நாமமும் வேண்டாம் என்று சுவாமியாரையே திருப்பி அனுப்பியவர். சொல்லவில்லை என்று சொன்னால் அது உண்மை. அவருடைய நம்பிக்கைக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. என்னையும் மச்சாளையும் பார்க்காமல், மச்சாளின் மடியில் கிடந்த பிள்ளையை மட்டும் பார்த்தார்.

"ஓம். மூண்டும் சொன்னவள். என்ரை காதாலை கேட்டனான்."

மூப்பர் கயிற்றைக் கழற்றினார். மணி அடித்தது. பிள்ளையை மதிலுக்கு உள்ளே, எங்கள் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தோம். எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டார்கள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கல்லறைக்குச் சிலுவையை யார் செய்வது என்று மூப்பர் கேட்டபோது, "நான்" என்றார். சின்ன வள்ளத்தின் பலகையில் ஒன்றைக் கழற்றிச் செய்தார்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை. கோயிலுக்கும் அவர் வரவில்லை. வள்ளக்காரர் கூப்பிட்டார்கள், போனார். அணியத்தில் சிலுவை வரையும்போது எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொல்கிறாராம். அதைக் கேட்டு ஊர் மகிழ்ந்தது. நான் குசினிக்குள் போய் அழுதேன். நம்பாமல் சொல்கிற ஆமென் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சோளகம் தொடங்கியதும் மச்சாளையும் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கமே போய்விடுவதென்று முடிவெடுத்தார். மச்சாள் முன்னால் போய்ப் படகில் ஏறிவிட்டார். துறையில் நானும் அண்ணனும் மட்டும் நின்றோம். அதுவரை நாங்கள் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

"அண்ணை, எனக்காகப் பொய் சொன்னனீங்கள்" என்றேன்.

"உனக்காக இல்லை. அவளைக் கடல் கொண்டுபோகக்கூடாது எண்டு." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "புத்தகம் வாசிச்சுக் காட்டின வாடிக்காரருக்குச் சொல்லியனுப்பிப்போட்டன். நான் பொய் சொன்னவன், இனி உங்களோடை இருந்து வாசிக்க எனக்கு முகமில்லை எண்டு" என்றார்.

"என்னை ஏன் அண்டைக்கு மறிக்கேல்லை? வாசலிலை நிண்டனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

படகுக்காரர் கூப்பிட்டார். அண்ணன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"மறிக்கவோ? கடலிலையிருந்து வரேக்கை, ஒருவேளை தங்கச்சி சொல்லுறதுதான் சரியோ எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். நீ சொல்லுவாய் எண்டுதான் வாய் திறக்காமல் நிண்டனான். என்ரை வாயாலை சொல்ல ஏலாததை நீயெண்டாலும் சொல்லட்டும் எண்டு."

அவர் படகில் ஏறினார். 

அண்ணன் அந்தக் கரையிலேயே முடிந்துபோனார். மச்சாளும் போய்விட்டார். அவருக்குக் கடைசிவரை தெரியாது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அதற்குப் பிறகும் பதினைந்து வருடத்துக்கு மேலாக, எண்பதுகள் தொடங்கும்வரை, கோயில் விறாந்தையில் அந்தப் பாடத்தை நான்தான் நடத்தினேன். வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்பார்களே. மட்டை உரித்த தேங்காயை மடியில் வைத்து, தண்ணீரை ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமத்தையும் உரக்கச் சொல்லிக் காட்டுவேன். தேங்காயின் தலையில் எனக்கு ஒருநாளும் நாக்குத் தடக்கியதில்லை.